எழுத்தில் இல்லாத தோழி

1

இந்தக் கிழமை அந்த ஆவணச் சேகரத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் யூத மாணவர்கள் அண்மைய ஆண்டுகளில் வளாகத்துக்குள் பட்ட துன்பங்களின் பதிவுகள் அவை. வாய்மொழியாகச் சொல்லி எழுத்தாக்கப்பட்ட சாட்சியங்கள் இருக்கின்றன. சுவரிலும் கதவிலும் கிறுக்கியவற்றின் படங்கள், வகுப்புக் குழுக்களில் வந்த குறுஞ்செய்திகள், நிருவாகத்துக்கு எழுதிய முறைப்பாடுகள், அவற்றுக்கு நிருவாகம் அனுப்பிய வழவழப்பான பதில்கள் எல்லாம் இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு நான் அங்கே பகுதிநேரமாக வேலை பார்த்தேன். இப்போது அங்கே எனக்கு வேலை இல்லை.

பட்டியலைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் எண் மட்டும் இருந்தது. அதற்கு நேரே, 'வழங்கியவரின் வேண்டுகோளின்படி மீளப்பெறப்பட்டது' என்று ஒரு வரி. ஆவணக் காப்பகத்தில் ஒன்றுக்குக் கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கமாட்டார்கள். ஆகவே அந்த இடம் இனி எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். அதை வெறுமையாக்கியவன் நான்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது தூரத்துக் கதையாகப் படலாம். யாரோ யூதப் பிள்ளை, ஏதோ கனடாப் பல்கலைக்கழகம். ஆனால் கேடு வந்தது எங்களுடைய ஒரு பழக்கத்தால். அதனால் எங்களுக்குள்ளேதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளையை ஹன்னா என்று எழுதுகிறேன். அது அவளுடைய பெயர் அல்ல. அவளுடைய கதவில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். அதை அவள் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளுடைய தோழியைப் பற்றி எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்ன பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

2

நான் பேராதனையில் சரித்திரம் படித்தவன். யாழ்ப்பாணத்தில் சில காலம் படிப்பித்தேன். எண்பதுகளில் இங்கே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்ந்த கட்டடத்தில், ஆறு பேர் இருந்த அறையில் ஏழாவது ஆளாகச் சேர்ந்தேன். ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் மொழிபெயர்ப்பாளன் வேலை கிடைத்தது. மொழிபெயர்ப்பு என்பது பெயருக்குத்தான். உண்மையில் நான் செய்தது கேஸ் எழுதுவது.

அகதி விசாரணைக்குப் போகிற பெடியன் ஒருவன் முன்னால் வந்திருந்து கதைக்கத் தொடங்கினால் கதை நேராக வராது. பிடித்துக்கொண்டு போன நாளைச் சொல்லும்போது மாமியின் கலியாணம் வரும். தொலைந்த சைக்கிள் வரும். பயந்த இடத்தில் சிரித்தேன் என்பான். நான் எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஒரு நேர்கோடு போடுவேன். எங்கே பிறந்தான், யார் பிடித்தார்கள், எப்படி அடித்தார்கள், ஏன் திரும்பிப் போக முடியாது. அவ்வளவுதான். என் கையால் எழுதிய கேஸ்கள் வென்றன. ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

ஒரு பெடியனைக் கொழும்பில் கலவரத்தின்போது ஒரு சிங்களப் பேக்கரிக்காரர் மா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவரை நான் எடுத்துவிட்டேன். காப்பாற்ற ஆள் இருந்ததென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே என்று விசாரணையில் கேட்பார்கள்.

"மாஸ்டர், அந்தாள் இல்லாட்டி நானே இல்லை," என்றான் பெடியன். "அவரை விட்டிட்டுச் சொன்னா அது பொய்யாகாதோ?"

"சொல்லாமல் விடுறது பொய்யில்லைத் தம்பி."

அவனுக்கு அகதி அங்கீகாரம் கிடைத்தது. அதற்காக நான் வருந்தவில்லை. உயிர் போகிற விஷயம் அது. வருந்துவது, அந்தக் கை அதற்குப் பிறகும் அப்படியே இருந்ததற்கு.

பிறகு ஒரு கல்லூரி நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை கிடைத்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் மிரியம் என்னைக் கூப்பிட்டார். அவர்தான் இந்தச் சேகரத்தின் பொறுப்பாளர். மெலிந்த பெண்மணி. நரைத்த தலை. எதையும் இரண்டு முறை சொல்லமாட்டார்.

3

நான் அங்கே போவது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் சனிக்கிழமைகளில் தேநீர் குடிக்கக் கூடுகிற எங்கள் கூட்டத்தில் குணம் என்று ஒருவர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்ந்தவர். கடுமையான நாக்கு.

"அண்ணை, எங்கட பழைய கடுதாசிப் பெட்டியள் ஒவ்வொருத்தன்ர கார்க் கராச்சிலயும் ஊறிக்கொண்டு கிடக்குது. நீங்கள் போய் அவையின்ர பெட்டியைத் துடைக்கிறியள்."

"காசு தருகினம், குணம். நீர் தந்தால் உம்மட பெட்டியையும் துடைப்பன்."

"என்ர பெட்டியை மனிசி போன வருசம் குப்பைக்குப் போட்டிட்டா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. நான் மார்க்கம் நகரில் மகளோடு இருக்கிறேன். பேத்தி ஆரணி வீட்டிலிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போய் வருகிறாள். மத்திய கிழக்கில் போர் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தொலைபேசியில் இறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்துவிட்டுக் குளியலறையில் போய் அழுவாள். அந்த அழுகையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நானும் அந்தப் படங்களைப் பார்த்தேன்.

"அம்மப்பா, அங்க அவ்வளவு பேர் சாகினம். நீங்கள் இங்க ஆரோ ஒரு பிள்ளைக்கு ஃபீலிங்ஸ் ஹேர்ட் ஆனதை ரைப் பண்ணிக்கொண்டு இருக்கிறியள். சீரியஸ்லி?"

"ரெண்டும் நடக்குது பிள்ளை. ஒண்டை எழுதினா மற்றது இல்லாமல் போகாது."

"வட்டெவர்," என்று மேலே போய்விட்டாள். சின்ன வயதில் என் மடியில் இருந்து எல்லாவற்றுக்கும் 'ஏன்' கேட்டவள். இப்போது கேள்விகள் என்னிடம் வருவதில்லை. முடிவுகள் மட்டும் வருகின்றன.

மிரியம் எனக்கு முதல் நாளே விதிகளைச் சொல்லியிருந்தார். பேசுகிறவர் குறிப்பிடும் மற்ற ஆட்களின் பெயரை எடுத்துவிடலாம். பெயரை மட்டும். தயக்கம், சிரிப்பு, முன்னுக்குப் பின் முரண் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். எழுத்தைப் பேசியவருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒப்பிய பிறகுதான் அது சேகரத்துக்குள் போகும். குரலை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் கேட்டுக்கொண்டால், ஒப்புதலுக்குப் பிறகு ஒலியை அழித்துவிட வேண்டும்.

"நீங்கள் ஒரு நீதிபதிக்காக எழுதவில்லை," என்றார்.

தலையாட்டினேன். எனக்கு விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

4

ஹன்னா வந்த அன்று உறைபனி உருகிக் கொண்டிருந்தது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள். மேசையில் இருந்த என் பெயர் அட்டையைப் பார்த்தாள்.

"நீங்கள் தமிழரா?"

"ஓம்."

அவளுடைய முகம் மாறியது. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இறால் போடாத சொதிக்கு வேறு சட்டி வைத்திருக்கும் ஒரு அம்மாவை எனக்கு ஸ்காபரோவில் தெரியும். அந்தச் சட்டிக்கு என் பெயர்," என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன். சொதி என்ற சொல்லை மட்டும் எங்களைப் போலவே சொன்னாள்.

இரண்டு ஆண்டுகளாக மாணவர் விடுதியில் அவளும் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளையின் தாய் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து கொடுப்பார். ஹன்னா யூத முறைப்படி இறாலும் நண்டும் சாப்பிடமாட்டாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறாகச் சமைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலையில் யூதரின் ஓய்வுநாளுக்காக ஹன்னா மெழுகுதிரி ஏற்றும்போது தோழி தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாளாம். தன் குடும்பத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்ப முடியாமல் கொல்லப்பட்டவர்களைப் பற்றி ஹன்னா சொல்லியிருக்கிறாள். தோழி முல்லைத்தீவில் காணாமல்போன தன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு மத்திய கிழக்கில் போர். பிறகு ஒரு காலையில் அவர்களுடைய அறைக் கதவில் அந்த எழுத்து.

"எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது," என்றாள் ஹன்னா. "அவனைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. படம் எடுத்து முடியும்வரை அழிக்கக் கூடாது என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க எழுத்து கதவில் இருந்தது. அவள் அந்தக் கதவைத் திறந்து வருவாள், சாப்பிடுவாள், கதவைச் சாத்திக்கொண்டு வகுப்புக்குப் போவாள். ஒரு சொல் சொல்லவில்லை."

நிறுத்தினாள். சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது.

"போரைப் பற்றி நான் என் அப்பாவோடு சண்டை பிடிக்கிறவள். எங்கள் வீட்டில் மேசையை விட்டு எழும்பிப் போயிருக்கிறேன். அது வேறு ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். என்றாலும் பாருங்கள், அவள் எனக்காகப் பேசுவதற்கு அது காரணமாக இருக்கக் கூடாது. நான் அப்பாவோடு ஒத்துப்போகிறவளாக இருந்தாலும் அது என்னுடைய கதவுதானே?"

கிழமை முடிய அந்தப் பிள்ளை வேறு அறைக்குப் போய்விட்டாள்.

கேட்கிறவர் தன் கதையைச் சொல்லக் கூடாது என்பதும் ஒரு விதிதான். ஆனாலும் நான் என் கதையைச் சொன்னேன். எங்கள் போர் முடிந்த ஆண்டில் எங்கள் சனம் இந்த நகரத்தின் வீதிகளை மறித்து நின்றபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்கள் என்னைச் சுற்றியிருந்து நீயும் அவர்களில் ஒருவனா என்று கேட்டார்கள். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யாராவது உங்களோடு நல்லபடியாக ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டாள்.

"ஜமேக்காக்காரி ஒருத்தி. பின்னால் வந்து, உன்னுடைய ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டாள்."

"அவ்வளவுதான்," என்றாள் ஹன்னா. "அவ்வளவு போதும். என் தோழி அப்படி ஒன்று கேட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்."

போகும்போது ஒலியை அழித்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். எழுத்து மட்டும் இருந்தால் போதும் என்றாள். நிருவாகம் அவளுடைய முறைப்பாட்டை ஆதாரம் போதாது என்று மூடிவிட்டது. எங்கேயாவது ஓரிடத்தில் அது நடந்தது நடந்தபடியே எழுதப்பட்டிருக்க வேண்டும், அதுதான் தனக்கு வேண்டியது என்று சொன்னாள்.

5

எழுதத் தொடங்கியதும் முதலில் தோழியின் பெயரை எடுத்தேன். அது விதிப்படி சரி. பிறகு ஸ்காபரோவை எடுத்தேன். பெயர் இல்லாவிட்டாலும் இடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு 'தமிழ்' என்ற சொல் தனியாக நின்று என்னைப் பார்த்தது. அதை எடுத்தேன். தமிழ் போனால் இடியப்பம் எப்படி இருப்பது? அதுவும் போனது. இடியப்பத்தோடு தாய் போனார். சித்தப்பா போனார். தீப்பெட்டியோடு நின்ற பிள்ளை போனாள். இவ்வளவும் போன பிறகு மிஞ்சியிருந்த அறைத்தோழியால் எழுத்தில் அந்தப் பந்தி நீண்டு இழுபட்டது. கடைசியில் ஒரு வரியாகச் சுருக்கினேன்: அப்போது அறையில் இன்னொரு மாணவியும் வசித்தார், பின்னர் அவர் இடம் மாறினார்.

ஏன் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நாளைக்கு யாரோ ஓர் ஆய்வாளன் வந்து தேடும்போது, யூதப் பிள்ளைக்கு நடந்த அநியாயத்துக்குப் பக்கத்தில் எங்கள் பெயர் கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் பிள்ளை என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் பிழை நடந்தால் முதலில் வாசல் படலையைச் சாத்துவார்கள். பிழையைப் பிறகுதான் பார்ப்பார்கள். நானும் படலையைத்தான் சாத்தினேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளை ஆரணி அல்ல. ஆரணி வீட்டிலிருந்து போய் வருகிறவள். ஆனால் ஆரணி அந்த அறையில் இருந்திருந்தால் அவளும் அந்தக் கதவைப் பேசாமல் திறந்து சாத்தியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். என் பேத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்த அந்த விஷயத்தைத்தான் நான் ஒரு யூதப் பிள்ளையின் வாக்குமூலத்திலிருந்து நீக்கினேன்.

எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஒரு கதவு, ஓர் எழுத்து, ஒரு முறைப்பாடு, ஒரு பதில். எந்த விசாரணையிலும் நிற்கும். பழைய கேஸ்கள் வென்றபோது வந்த அதே திருப்தி எனக்கு வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவளுக்கு அனுப்பினேன். பரீட்சைக் காலம். அடுத்த நாளே 'மிக்க நன்றி, ஒப்புகிறேன்' என்று பதில் வந்தது. அவள் கேட்டபடி ஒலியை அழித்தேன். நானே அழித்தேன்.

6

கோடை முடிகிற நேரம் ஹன்னா காப்பகத்துக்கு வந்தாள். கையில் அச்செடுத்த தாள்கள். மிரியத்தின் அறையில் மூன்று பேரும் இருந்தோம்.

"பரீட்சை நேரத்தில் நான் இதை வாசிக்கவில்லை," என்றாள். "நீங்கள் எழுதியது தானே என்று விட்டுவிட்டேன். போன கிழமை அம்மாவுக்குக் கொடுத்தேன். அம்மா முழுக்க வாசித்துவிட்டு, அவள் எங்கே என்று கேட்டார்."

நான் ஆங்கிலத்தில் அந்தரங்கம், மூன்றாம் ஆள், பாதுகாப்பு என்று தொடங்கினேன். நான் சொல்வது மிரியம் எனக்குச் சொன்ன விதி அல்ல என்று எனக்கும் அவருக்கும் தெரியும். மிரியம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வசனம் நடுவில் நின்றுபோனது.

"அவள் எங்கள் பிள்ளை என்றபடியால் எடுத்தேன்," என்றேன்.

"எனக்கும் அவள் என்னுடைய ஆள்தான்," என்றாள் ஹன்னா. "நான் அவ்வளவு நேரம் பேசியது அவளைப் பற்றி. நீங்கள் தமிழர் என்றபடியால் பேசினேன். வேறு ஒருவருக்கும் நான் அந்தச் சட்டியைப் பற்றிச் சொன்னதில்லை."

தாள்களை மேசையில் வைத்தாள். "இதில் ஒரு பொய்யும் இல்லை. நன்றாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதை வாசித்தால் எனக்கு நடந்தது ஒரு கிறுக்கல் மட்டும்தான் என்று நினைப்பார்கள்."

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன்.

"அது உங்களுடைய ஞாபகமாக இருக்கும்."

மிரியம் இன்னொரு முறை பதிவு செய்யலாம் என்றார். அவரே உட்கார்ந்து கேட்பதாகச் சொன்னார். ஹன்னா தலையை அசைத்து மறுத்தாள்.

"ஒரு முறை என்னால் முடிந்தது," என்றாள். "அப்போது அவள் திரும்பி வருவாள் என்று கொஞ்சம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைக்கவில்லை. அதே மாதிரி வராது."

தன் சாட்சியத்தை மீளப்பெறும் படிவத்தில் கையெழுத்திட்டாள். வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், இதை எங்கள் ஆட்களுக்குத் தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாதோ, தெரியவில்லை.

"எதை?"

"நான் எடுத்துவிட்ட பிள்ளையைப் பற்றி."

"அவள் நல்லவள் என்றும் எழுதுவீர்களா?"

"எழுதுவேன்."

"அப்படியென்றால் எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்."

அவள் நல்லவள். வெள்ளிக்கிழமைகளில் தீப்பெட்டியோடு பக்கத்தில் நின்றவள்.

நான் எழுதிய மற்றச் சாட்சியங்களை எல்லாம் மிரியம் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கும் இங்கும் என் கை பட்டிருந்தது. ஒலி இருந்ததால் திருத்த முடிந்தது. மிரியம் என்னைத் திட்டவில்லை. இது இனி உங்களுக்கு ஏற்ற வேலை அல்ல என்று சொல்லிவிட்டு, என் கோட்டை எடுத்துத் தந்தார்.

7

சேகரம் திறந்த அடுத்த நாள் காலை ஆரணி குசினி மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மப்பா, இது நீங்கள் வேர்க் பண்ணின இடம் தானே? எல்லாம் வாசிச்சன். ஓல்மோஸ்ட் எல்லாம்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவள் எனக்காக ஒன்றை வாசித்து எவ்வளவோ காலம்.

"சிலது ரியலி பாட். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. பட் எல்லாம் ஆரோ ஸ்ரேஞ்சர்ஸ் செய்தது. ஆரோ லூசுகள் சுவரில எழுதினது. எங்கள மாதிரி ஆக்கள் ஒருத்தரும் இதில இல்லை. இருந்தா இதில இருக்கும்தானே?"

"இருந்தது," என்றேன்.

"எங்க?"

"நான் எடுத்திட்டன்."

கணினியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி, தீப்பெட்டி, கதவு, பேசாமல் போன கிழமை. பொறுமையாகக் கேட்டாள். இடையில் தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை.

"பட் அம்மப்பா, அந்தத் தமிழ்ப் பிள்ளை என்ன செய்தவ? அவ எழுதேல்லை. ஏசேல்லை. ஷீ டிட் நத்திங்."

"ஓம்."

"ஒண்டும் செய்யாததை ஏன் ஆர்கைவ்ஸில போடோணும்?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. சின்ன வயதில் கேட்டது போல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்றேன், கடமை என்றேன், எங்களுக்கும் ஒரு காலத்தில் நடந்தது என்றேன். அவளுடைய கண் மெல்ல மணிக்கூட்டுக்குப் போனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஒலிப்பதிவில் இருந்தது. ஹன்னா சொல்லத் தொடங்கி, நிறுத்தி, சிரிப்பது போல ஒரு சத்தம் போட்டு, மறுபடியும் தொடங்கினாளே, அந்த இடத்தில் இருந்தது. ஆரணி அதைக் கேட்டிருந்தால் விளங்கிக்கொண்டிருப்பாள். என் வாயில் அது ஒரு கிழவனின் புத்திமதியாகத்தான் வந்தது.